பைன் விதைகளுக்கான தீ, புகைச் சோதனைத் தொகுப்பு: ஒரு மதிப்பீடு

காட்டுத்தீக்குப் பிறகு அயல் பைன் மரங்கள் முன்பைவிட அடர்த்தியாக முளைத்தெழுவது ஏன் என்பதை ஆய்வகத்திலேயே சோதித்தறிய உதவும் என்று விளம்பரப்படுத்தப்படும் ஒரு தொகுப்பை, அத்தகைய மரங்களை அகற்றும் பணியில் இருப்பவன் என்ற முறையில் வாங்கிப் பயன்படுத்தினேன். மேசை மேல் வைக்கத்தக்க சிறிய வெப்பக்காற்று அடுப்பு, மின் வெப்பமானிக் கம்பி, புகைச்சாறு ஏற்றிய வடிதாள் வட்டுகள், ஒரு பொட்டலம் சாம்பல், பெட்ரி தட்டுகள், கையேடு ஆகியவை பெட்டியில் உள்ளன. அடுப்புக்கும் வெப்பமானிக்கும் கொடுத்த பணம் வீண்போகவில்லை. புகை வட்டுகள் பைனுக்குத் தேவையே இல்லை.

செதில்களுக்கிடையே விதைகளைத் தாங்கும் பைன் கூம்பை, மூடிய நிலையில் உள்ளே வைக்கும்போதுதான் அடுப்பின் அருமை தெரிகிறது. அலெப்போ பைன், மான்டரே பைன் போன்றவற்றில் கூம்புகளில் ஒரு பகுதி, முற்றிய பிறகும் பல ஆண்டுகள் பிசினால் இறுகி, உயிருள்ள விதைகளுடன் கிளையிலேயே மூடிக் கிடக்கும். லாட்ஜ்போல் பைனின் மூடிய கூம்புகளில் இந்தப் பிசின் ஏறத்தாழ 45 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் இளகிவிடுகிறது. கதவின் கண்ணாடி வழியே பார்த்தால், முதலில் செதில்களின் விளிம்பில் பிசின் பளபளக்கும். பிறகு மெல்லிய படபடப்புடன் ஒவ்வொரு செதிலாக விலகத் தொடங்கும். கூம்பு உலர்ந்து விரிந்தபின் மேசையில் தட்டினால் இறகுடன் கூடிய விதைகள் உதிரும். இத்தகைய பைன்களுக்குக் காட்டுத்தீ செய்யும் பேருதவி, கூம்பின் பூட்டைத் திறந்துவிடுவதுதான்.

தனி விதைகளைச் சூடாக்கும் சோதனையில் ஒரு குறை உண்டு. தட்டை வைக்கக் கதவைத் திறந்தவுடன் உள்ளே வெப்பம் சரிகிறது. முகப்புத் திரையோ பழைய எண்ணையே சிறிது நேரம் காட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்து நிமிடச் சோதனையில் இந்தத் தாமதம் முடிவையே மாற்றிவிடும் என்பதால், வெப்பமானிக் கம்பியின் நுனியை விதைகளுக்கு நடுவிலேயே பதித்து, அது காட்டும் அளவிலிருந்து நேரத்தைக் கணக்கிடுவது நல்லது. அப்படிச் செய்தபோது, 90 டிகிரியில் ஐந்து நிமிடம் இருந்த விதைகள் பெரிதாகப் பாதிக்கப்படாமல் முளைத்தன. 150 டிகிரியில் அதே நேரம் இருந்தவை மடிந்தன. தீச்சுவாலையின் வெப்பம் இதைவிடப் பன்மடங்கு அதிகம்; ஆனாலும் அது விரைவில் கடந்துவிடுவதாலும், தடித்த செதில்கள் காப்பதாலும் மூடிய கூம்புக்குள் இருக்கும் விதை பிழைக்கிறது.

தீ படரும் நிலங்களின் தாவரங்கள் அனைத்துக்கும் புகை முளைப்பைத் தூண்டும் என்கிறது கையேடு. இது மிகைக் கூற்று. புகையிலுள்ள கரிக்கின் என்னும் வேதிப்பொருள் 2004-இல் அடையாளம் காணப்பட்டது. தென்னாப்பிரிக்க, ஆஸ்திரேலியத் தாவரங்கள் பலவற்றுக்கு அது உண்மையிலேயே தூண்டுகோல். பைன் விதைகளுக்கோ பொதுவாக ஈரமும் ஏற்ற வெப்பநிலையும் போதும். சிலவற்றுக்கு மட்டும் முன்கூட்டியே ஈரக்குளிர் தேவைப்படும். வட்டின் மேல் வைத்த மான்டரே பைன் விதைகளுக்கும் வெறும் நீரில் வைத்தவற்றுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் நான் காணவில்லை. சாம்பல் பொட்டலத்தைப் பற்றி ஒரு வரி: காரத்தன்மை மிகுந்த சாம்பலைத் தடிமனாகத் தூவினால் முளைப்பு குன்றும் என்ற எச்சரிக்கை கையேட்டில் இருந்திருக்க வேண்டும்.

களப்பணியாளருக்கு மிகவும் தேவைப்படும் பகுதியையும் கையேடு விட்டுவிட்டது. தென்னாப்பிரிக்காவின் ஃபின்போஸ் புதர்நிலங்களில் பரவிய பைன்களை முதலில் வெட்டிச் சாய்த்து, ஓராண்டோ அதற்கு மேலோ விட்டு, உலர்ந்த கூம்புகளிலிருந்து உதிரும் விதைகள் முளைத்த பின்னரே தீ வைக்கிறார்கள். மண்ணில் பைன் விதை நீண்டகாலம் உயிர்ப்புடன் இருப்பதில்லை. இளங்கன்றும் பெரும்பாலும் எரிந்தபின் துளிர்ப்பதில்லை. நிற்கும் மரங்களில் நேராகத் தீ வைத்தாலோ, போட்டியற்ற வெற்று நிலத்தில் கூம்புகள் ஒரே நேரத்தில் விதை பொழியும். வீரிய இனங்கள் ஐந்தாறு ஆண்டுகளிலேயே காய்க்கத் தொடங்குவதால், அடுத்த தீ வருவதற்குள் கன்றுகளைத் தேடிப் பிடுங்க வேண்டும்.

அடுப்பையும் வெப்பமானியையும் இதே நிறுவனம் தனியாகவும் விற்கிறது. பைனுக்காக மட்டும் வாங்குவோர் அவற்றை எடுத்துக்கொண்டு, வட்டுகளுக்குப் பதிலாகச் சாதாரண வடிதாளைப் பயன்படுத்தலாம்.