ஜன்னலுக்கு ஒரே பிரஷ் போதுமா?

ஜன்னல் துடைக்க ஒரு பிரஷ் வாங்கலாம் என்று கிளம்புகிறவர் மனதில் இருப்பது கண்ணாடி. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் படமும் பளபளக்கும் கண்ணாடிதான். ஆனால் ஜன்னலில் பிரஷ்ஷுக்கு மிகக் குறைந்த வேலை உள்ள இடமே கண்ணாடிதான் என்பது என் கட்சி. அது தட்டையான, வழுவழுப்பான பரப்பு. அதைத் துணியும் ரப்பர் பட்டையும் பார்த்துக்கொள்ளும். சட்டத்தின் மூலை, ஸ்லைடிங் கதவு ஓடும் பள்ளம், கொசுவலை, கம்பி சட்டத்தில் சேரும் இடுக்கு என்று விரலும் துணியும் நுழையாத இடங்கள் நாலைந்து இருக்கின்றன. பிரஷ் அவற்றுக்காகத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜன்னலில் படிந்திருப்பது தூசி. அதில் தண்ணீர் பட்டால் சேறு. சேற்றை மூலையிலிருந்து எடுப்பதைவிடத் தூசியைத் தட்டிவிடுவது பத்து மடங்கு சுலபம். அதனால் பிரஷ்ஷின் முதல் வேலை ஈரமில்லாமல் நடக்கிற வேலை. காய்ந்த தூசியைக் கையாளத் தெரியாத பிரஷ், விளம்பரம் என்ன சொன்னாலும், எல்லாவற்றுக்குமான பிரஷ் ஆகாது.

இந்தச் சோதனையில் முதலில் தோற்பது அதிகம் விற்கும் இரட்டைத் தலை வைப்பர். ஒரு பக்கம் ஸ்பான்ஞ்ச் அல்லது மைக்ரோஃபைபர், மறுபக்கம் ரப்பர் பட்டை. கண்ணாடிக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். இன்று நாம் பிடிக்கும் இலகுவான ஒற்றைப் பட்டை வைப்பரின் மூலவடிவத்துக்கு எட்டோரே ஸ்டெக்கோனே என்பவர் 1936இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பு இருந்தது கனமான, திருகாணிகள் நிறைந்த கருவி. அவர் செய்த வடிவம் இத்தனை ஆண்டுகளில் பெரிதாக மாறவே இல்லை என்பதே அதற்கு நற்சான்று. ஆனால் அந்த நேரான பட்டை சட்டத்தின் மூலைக்குள் வளையாது. ஸ்பான்ஞ்ச் பக்கத்தைத் தூசிபடிந்த கொசுவலையில் வைத்தால் அழுக்கு வலையின் கண்களுக்குள் அப்பிக்கொள்ளும். ஸ்லைடிங் பள்ளத்தில் தலையே நுழையாது. வாங்குவதானால் பட்டை உங்கள் கண்ணாடியின் அகலத்தைவிடக் குறுகலாக இருக்கிறதா, ரப்பரைக் கழற்றி மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். ரப்பர் விளிம்பில் சின்ன வெட்டு விழுந்தாலும் ஒவ்வொரு இழுப்பிலும் ஒரு கோடு மிஞ்சும். கழற்ற முடிந்தால் திருப்பிப்போட்டு மறு விளிம்பைப் பயன்படுத்தலாம். பிளாஸ்டிக்கோடு ஒட்டிவந்ததென்றால் மொத்தமும் குப்பைக்குத்தான்.

நேர் எதிர்முனையில் இருப்பது பள்ளத்துக்கென்றே வரும் ஒடுக்கமான பிரஷ். சிலவற்றில் பிடியின் மறுமுனையில் குட்டி முறமும் இருக்கும். ஸ்லைடிங் ஜன்னல் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும். கீழ்ப் பள்ளத்தில் மழைநீர் வெளியேறச் சிறு துளைகள் இருக்கும். மண்ணும் செத்த பூச்சியும் அவற்றை அடைத்தால் அடுத்த மழையில் தண்ணீர் உள்பக்கம் வழியும். அந்தத் துளைகளைத் தேடிக் கிளறுவதில் இந்தப் பிரஷ்ஷுக்கு நிகரில்லை. ஆனால் விறைப்பான, குட்டையான இழைகள் கொசுவலையை இழுத்துத் தொய்யவிடும். கண்ணாடிப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. சரி, பழைய டூத் பிரஷ் போதாதா? போதும். தலை சின்னது என்பதால் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

விறைப்பு என்றதும் ஒரு பழைய தவறு நினைவுக்கு வருகிறது. தூசி தட்டாமல் கண்ணாடியை நனைத்து, தரை தேய்க்கும் பிரஷ்ஷால் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். அன்று பளிச்சென்றுதான் இருந்தது. மறுநாள் காலை வெயில் சாய்வாக விழுந்தபோது கண்ணாடி முழுக்க மெல்லிய வளைகோடுகள். பிளாஸ்டிக் இழை கண்ணாடியைக் கீறாது, அது கண்ணாடியைவிட மிருதுவானது. கீறியது இழைகளுக்கு இடையே சிக்கிய மணல். மோஸ் கடினத்தன்மை அளவில் சாதாரணக் கண்ணாடி சுமார் 5.5, மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. தூசியோடு தேய்த்தால் எந்தப் பிரஷ்ஷும் உப்புத்தாள்தான்.

இழை எதில் செய்தது என்பதையும் யாரும் பார்ப்பதில்லை. மலிவான பிரஷ்களில் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், கொஞ்சம் மேலே போனால் நைலான். நைலான் தண்ணீரை ஓரளவு உறிஞ்சும், அதனால் ஈரமானதும் சற்றுத் தளர்ந்துவிடும். ஆனால் வளைந்த இழை மறுபடி நிமிரும். பாலிப்ரொப்பிலீன் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சாது, ஈரத்திலும் விறைப்பு குறையாது. ஆனால் அழுத்தி வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். கொஞ்ச நாளில் தலை விரிந்த பிரஷ்ஷாக அது மாறுவது இதனால்தான். ஜன்னல் வேலையில் பாதி ஈரமில்லாதது என்பதால் என் ஓட்டு நைலானுக்கு. அதிலும் நுனி பிளந்த இழை கிடைத்தால் நல்லது, நுண்தூசியை அது பிடித்துவைத்துக்கொள்ளும். கடையில் கட்டைவிரலால் இழைகளை ஒரு பக்கமாக மடக்கி விட்டுப் பாருங்கள். உடனே நிமிராததை அங்கேயே வைத்துவிடலாம்.

நீளக் கம்பில் பொருத்தும் அகலப் பிரஷ் வெளிப்புற, உயர ஜன்னல்களுக்கு மட்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தொழிலாகச் செய்கிறவர்கள் கம்பின் வழியாகவே தண்ணீர் வரும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, துடைக்காமல் அப்படியே உலரவிடுகிறார்கள். திட்டு விழுவதில்லை. காரணம் பிரஷ் இல்லை, உப்பு நீக்கிய தண்ணீர். அதே பிரஷ்ஷை வாங்கி வீட்டுக் குழாயில் மாட்டினால், தண்ணீரில் உள்ள கால்சியம் உலர்ந்து வெள்ளைப் பொட்டுகளாக நிற்கும். இரண்டு பக்கமும் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு ஓடும் கருவியைப் பற்றி ஒரு வரி போதும்: கண்ணாடியின் தடிமனுக்குப் பொருந்தாத காந்தம் பாதியில் கீழே விழும், பொருந்தினாலும் ஓரங்கள் அழுக்காகவே மிஞ்சும்.

அப்புறம், போட்டியில் யாரும் சேர்க்காத ஆள் ஒன்று இருக்கிறது. இரண்டு அங்குலப் பெயிண்ட் பிரஷ். பல மாதமாக நான் அதிகம் கையில் எடுப்பது இதைத்தான். இழை நீளமாகவும் மிருதுவாகவும் இருப்பதால் கொசுவலையை இழுக்காமல் தூசியை உதிர்க்கும். தட்டையான தலையைச் சாய்த்துப் பிடித்தால் சட்டத்தின் மூலைக்குள் நுனி நுழையும். செங்குத்தாகத் திருப்பினால் பள்ளத்துக்குள்ளும் ஓடும். மர ஜன்னலின் செதுக்கு வேலைப்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. குறைகளும் உண்டு. பள்ளத்தில் இறுகிப்போன மண்ணை இதனால் பெயர்க்க முடியாது. இழைகளைக் கட்டியிருக்கும் உலோகப் பட்டை கண்ணாடியிலோ பெயிண்டிலோ உரசினால் கோடு விழும், அதன்மேல் இரண்டு சுற்று டேப் ஒட்டிவிட்டேன். ஈரத்தோடு வைத்தால் அந்தப் பட்டை துருப்பிடிக்கும். அதனால் இதைத் தூசி தட்ட மட்டும்.

ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்பவருக்கு: கையளவுப் பிடி, ஒரு பக்கம் ஒடுங்கிக் கூராகும் தலை, நடுத்தர மிருதுவில் நைலான் இழை. கண்ணாடியை வீட்டில் இருக்கும் பருத்தித் துணி பார்த்துக்கொள்ளும். எனக்கானால் மூன்று பொருள்: பெயிண்ட் பிரஷ், பழைய டூத் பிரஷ், ரப்பர் மாற்றக்கூடிய சின்ன வைப்பர். மூன்றும் சேர்ந்தாலும் ஒரு நல்ல 'ஆல் இன் ஒன்' கருவி அடைக்கும் இடத்தை அடைப்பதில்லை. மேலிருந்து கீழாகப் பெயிண்ட் பிரஷ், பள்ளத்தில் டூத் பிரஷ், கடைசியில்தான் தண்ணீரும் வைப்பரும்.

கண்ணாடியில் நிறப்படலம் ஒட்டியிருந்தால் மட்டும் இந்த வரிசையில் ஒரு மாற்றம். அதன் மேல் எந்த இழையும் வேண்டாம், அமோனியா கலந்த திரவமும் வேண்டாம். மிருதுவான துணியும் லேசான சோப்பு நீரும்தான். துணி மைக்ரோஃபைபராக இருந்தால் துவைக்கும்போது துணி மென்மையாக்கியில் போடாதீர்கள், அது இழைகளில் படிந்து அழுக்கைப் பிடிக்கும் குணத்தைக் கெடுத்துவிடும்.