திராட்சைச் சக்கை: எரிப்பதா, எரிவாயுவாக்குவதா?

ஒரு டன் திராட்சையைப் பிழிந்து ஒயின் எடுத்தால் தொலி, விதை, காம்பு எல்லாமாகச் சேர்ந்து 200 முதல் 250 கிலோ சக்கை மிஞ்சும். பெங்களூருக்கு அருகே நந்தி மலை அடிவாரத்தில் தொட்டபள்ளாபுரம், சிக்கபள்ளாபுரம் பக்கம் அறுவடை பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிந்துவிடுவதால், ஆண்டு முழுவதற்குமான கழிவு இரண்டு மூன்று மாதங்களுக்குள் வந்து குவிகிறது. ஆண்டுக்கு 500 டன் அரைக்கும் எங்களைப் போன்ற சிறிய ஆலைக்கே அது நூறு டன்னைத் தாண்டுகிறது. தோட்டத்து ஓரத்தில் கொட்டி வைத்தால் ஈயும் புளித்த வாடையும் பெருகி, வடியும் சாறு மண்ணையும் கெடுக்கும்.

இதிலிருந்து எரிசக்தி எடுக்க எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. சக்கையை உலர்த்தி, பிரிக்கெட் கட்டியாக அழுத்தி, பாய்லரில் எரிப்பது ஒன்று. சாண எரிவாயுக் கலன் போன்ற டைஜெஸ்டரில் இட்டு எரிவாயுவாக்குவது மற்றொன்று. நாங்கள் எரிவாயுவைத் தேர்ந்தோம். அதை நிர்வாகத்திடம் பரிந்துரைத்தவன் நான் என்பதால் என் சாய்வைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டில் எதுவும் ஆலையின் மின்கட்டணத்தைப் பெரிதாகக் குறைக்காது. மின்சாரத்தில் பெரும்பங்கு தொட்டிகளைக் குளிர்விப்பதற்கே போகிறது. அதற்குக் கூரையில் சோலார் பலகை போடுவதே எளிது. சக்கையிலிருந்து நமக்குத் தேவைப்படுவது வெப்பம், அதாவது தொட்டிகளையும் பீப்பாய்களையும் கழுவ வெந்நீர்.

எரிக்கும் வழியின் நியாயத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. உலர்ந்த சக்கை நல்ல விறகுக்கு நிகரான வெப்பம் தரும். அறுவடை நேரமும் இங்கே வெயில் காய்கிற நேரம். ஒரு டன் சக்கையை இரண்டு அங்குல கனத்தில் பரப்ப 400 சதுர அடிக்குச் சற்று மேல் போதும் என்பதால் இடமும் பெரிய தடையில்லை. ஆனால் பிழிந்தெடுத்த சக்கையில் அறுபது சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். அதை நாள்தோறும் கிளறிவிட ஆள் வேண்டும். அறுவடை நேரத்தில் ஆள் கிடைப்பதே அரிது. ஏப்ரலில் மாங்காய் மழை ஒன்று பெய்தால் பாதி காய்ந்தது பூஞ்சை பிடித்துவிடும். இயந்திரத்தில் உலர்த்தலாம் என்றால், கிடைக்கும் வெப்பத்தில் கால் பங்குக்கு மேல் உலர்த்துவதற்கே செலவாகும். திராட்சையில் பொட்டாசியம் மிகுதி என்பதால் சாம்பல் குறைந்த வெப்பத்திலேயே உருகி, அடுப்புத் தட்டில் கண்ணாடி போல இறுகிய கட்டியாக ஒட்டிக்கொள்கிறது. கிளிங்கர் எனப்படும் அதை அடுப்பு ஆறிய பிறகு கடப்பாறையால் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எரிக்கும் வழி சக்கையோடு நின்றுவிடுகிறது. தொட்டியின் அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலையும், கழுவிய நீரையும் அடுப்பில் இட முடியாது. டைஜெஸ்டரோ இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். அதிலும் வண்டல் சக்கையைவிட எளிதாகச் செரிக்கக்கூடியது.

ஆயினும் முடிவைத் தீர்மானித்தது இவற்றில் எதுவுமில்லை. அறுவடை இல்லாத ஒன்பது மாதங்கள்தான். டைஜெஸ்டருக்குள் இருப்பவை உயிருள்ள நுண்ணுயிரிகள். மூன்று மாதம் திணறத் திணறத் தீனி போட்டு மீதி மாதங்களில் பட்டினி போட்டால் அவை தாங்கா. எங்கள் பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் கிருஷ்ணகிரிக்காரர் திட்டத்தைக் கேட்டதும், "பாய்லரை அணைச்சிட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிடலாம் சார். இதை யார்கிட்ட விட்டுட்டுப் போறது?" என்றார். பராமரிப்பு பற்றி ஆலோசகர்கள் தந்த அறிக்கை எதிலும் இவ்வளவு சரியான கேள்வி இல்லை.

அதற்கான விடை மாட்டுத் தீவனத்தில் இருந்தது. மாடு வளர்ப்பவர்கள் பச்சை மக்காச்சோளத்தை நறுக்கிக் குழியில் காற்றுப் புகாமல் அழுத்தி மூடி, சைலேஜ் என்று மாதக்கணக்கில் வைத்திருப்பதைப் போலவே சக்கையையும் வைத்திருக்க முடியும். அதன் இயல்பான புளிப்பே, அதாவது நான்கை ஒட்டிய பிஎச் அளவே, அது அழுகாமல் காக்கிறது. ஆகவே குழியில் அடுக்கடுக்காக மிதித்து, கறுப்புத் தார்ப்பாயால் மூடி, மேலே பழைய டயர்களை வரிசையாக வைத்துவிட்டோம். திறக்கும் பக்கத்தை மட்டும் நாள்தோறும் செங்குத்தாக வெட்டி எடுத்து மீண்டும் மூட வேண்டும். காற்றுப் பட்ட இடம் பழுப்பேறி வினிகர் வாடை அடிக்கும். நூறு டன்னை ஆண்டு முழுவதற்கும் பிரித்தால் நாளொன்றுக்கு 250 முதல் 300 கிலோ வருகிறது. சேமித்து வைக்கலாம் என்பதுதான் பிரிக்கெட்டின் தலையாய பலம்; ஈரத்தோடேயே சேமிக்க முடியும் என்றான பிறகு, உலர்த்தும் பாடு எதற்கு?

புளித்த சக்கையை மட்டும் இட்டால் கலனுக்குள் அமிலம் ஏறி, எரிவாயு நின்றுவிடும். அதைச் சமன் செய்யப் பக்கத்துப் பால் பண்ணையிலிருந்து சாணம் வாங்கிக் கரைத்து ஊற்றுகிறோம். வெள்ளை ஒயின் சக்கை புளிக்கும் முன்பே பிழியப்படுவதால் அதில் சர்க்கரை மிகுதி. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். சிவப்பு ஒயின் சக்கை இவ்வளவு படுத்தாது. விதை எளிதில் செரிப்பதில்லை. கலனுக்குள் தங்கி இடத்தை அடைத்துக்கொள்வதால் முன்கூட்டியே சலித்து எடுத்துவிடுகிறோம். எண்ணெய்ச் சத்துள்ள அந்த விதைதான் நன்றாக எரியக்கூடியது. அதற்கு மட்டும் எரிக்கும் வழியே சரி.

வண்டலிலும் சாணத்திலும் உள்ள கந்தகத்தால் அழுகிய முட்டை வாடையுள்ள வாயு ஒன்று கலந்து வரும்; அது பர்னரையும் அரிக்கும். இரும்புத் துருவல் நிரப்பிய குழாய் வழியாக எரிவாயுவைச் செலுத்தி, துருவலை அவ்வப்போது மாற்ற வேண்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் இங்கே குளிர் 15 டிகிரியை ஒட்டி இறங்கும்போது உற்பத்தியும் தளரும். 40 முதல் 45 கன மீட்டர் எரிவாயு 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்றுக்கு ஈடு என்பதால், குளிர்காலத்தில் ஒன்றிரண்டு சிலிண்டர் கையிருப்பில் வைத்துக்கொள்வது நல்லது.

கலனிலிருந்து வெளிவரும் ஸ்லரியில், அதாவது செரித்து மிஞ்சிய கூழில், பொட்டாசியம் முழுதும் தங்கியிருக்கிறது. அறுவடைக்குப் பின் ஏப்ரல் கவாத்து முடிந்த கொடிகளுக்கு அதை விடுகிறோம். சாம்பலிலும் பொட்டாசியம் உண்டு, ஆனால் தழைச்சத்து புகையோடு போய்விடும். ஆயிரக்கணக்கான டன் அரைக்கும் ஆலைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று எங்கள் அளவை வைத்துச் சொல்ல மாட்டேன். சாணம் கிடைக்கும் தூரத்தில் பால் பண்ணை இல்லாத ஆலைக்காரர் கேட்டால், உலர்த்தி எரிக்கும்படியே சொல்வேன். ஆனால் வண்டலுக்கும் கழுவிய நீருக்கும் அவர் தனியாக ஒரு வழி பார்த்தாக வேண்டும்.