கொனெஸ்ரோகா: முப்பது அடிதான், ஆனால் ஆற்றோடு கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஊரான கார்டினலில், கரையிலிருந்தே இறங்கிப் பார்க்கக்கூடிய கொனெஸ்ரோகா என்ற அமிழ்ந்த கப்பலைப் பலரும் "புதியவர்களுக்கான கப்பல்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆழத்தை மட்டும் பார்த்தால் அது சரி. எந்த மூலைக்குப் போனாலும் முப்பது அடிக்குள்தான். ஆனால் இது ஏரி அல்ல, சென் லோறன்ஸ் ஆறு. எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: நீரோட்டத்தில் பழகிய சுழியோடிக்கு இந்த மாகாணத்தின் கரையோரக் களங்களில் இதற்கு முதல் வரிசையில் இடம். போன வாரம் சுழியோடச் சான்றிதழ் எடுத்தவருக்கு, இந்த இடத்தை அறிந்த ஒருவர் கூட வந்தால் மட்டும் சரி.

கப்பலைப் பற்றிக் கொஞ்சம். 1878இல் கிளீவ்லண்டில் கட்டிய மரக் கப்பல், நீராவியில் ஓடிய சரக்குக் கப்பல், நீளம் ஏறத்தாழ 250 அடி. 1922 மே மாதம் கோதுமை ஏற்றிக்கொண்டு பழைய கலோப் வாய்க்காலின் 28ஆம் நீர்ப்பூட்டுக்குள் (நீர்மட்டத்தை மாற்றிக் கப்பலை ஏற்றி இறக்கும் கதவறைக்குள்) நின்றபோது தீப்பிடித்தது. எரியும் கப்பலை நீர்ப்பூட்டிலிருந்து வெளியே தள்ளிவிட்டார்கள். சற்றுத் தூரத்தில் கரையோரமாகவே அமிழ்ந்துவிட்டது. மேல்தளம் தீயோடு போயிற்று. மரச் சட்டகம், பக்கச் சுவர்களின் கீழ்ப்பகுதி, இயந்திரம், சுழல்விசிறி ஆகியவை மிஞ்சின. 1959இல் புதிய கடல்வழி திறந்தபின் அந்த வாய்க்காலுக்கும் வேலை இல்லாமற் போனது.

இங்கே பார்க்க வேண்டியது இயந்திரத்தைத்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. இரண்டு சிலிண்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல், உயரழுத்தச் சிலிண்டரைத் தாழழுத்தச் சிலிண்டரின் தலைமேல் ஏற்றிக் கட்டிய வகை அது. தரையில் இடம் மிச்சம், உயரம் அதிகம். கப்பலிலிருந்து நீருக்கு மேலே இன்னும் இரும்பு தலைநீட்டி நிற்கக் காரணம் அந்த உயரம்தான். கரையில் நின்றே களத்தை அடையாளம் கண்டுவிடலாம். கீழேயிருந்து மேலே பாருங்கள்: அடியில் தடித்த தண்டு, அதற்கு மேல் அகன்ற சிலிண்டர், அதற்கும் மேல் ஒடுங்கிய சிலிண்டர், எல்லாவற்றின் மீதும் வரிச்சிப்பிகள் (வரிகள் கொண்ட சிறு நன்னீர்ச் சிப்பிகள்) மேலோடு போலப் படிந்திருக்கும். வெயில் நாளில் நண்பகல் ஒளி மேலிருந்து நேராக இறங்கும்போது படம் எடுக்க இதைவிட நல்ல இடம் ஆற்றில் குறைவு. அகல லென்ஸ் கொண்டுபோங்கள்.

இனி ஆறு. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்கள்மேல் செலுத்தும் விசை நான்கு மடங்காகும். நல்ல உடற்கட்டு உள்ள சுழியோடியும் முழு உபகரணத்தோடு மணிக்கு ஒரு கடல்மைல் வேகத்துக்கு மேல் நெடுநேரம் எதிர்த்து நீந்த முடியாது. ஆகவே இங்கே திரும்பி வரும் வழி என்று ஒன்று கிடையாது. ஓட்டம் வரும் பக்கம் (மேலே) இறங்கி, கப்பலுக்குள் ஒதுங்கி, ஓட்டம் போகும் பக்கம் (கீழே) கரையேறுவது. இந்த வரிசையை மாற்ற முயல்பவர்கள்தான் பத்து நிமிடத்தில் காற்றைத் தீர்த்துவிட்டு முகம் சிவந்து ஏறுகிறார்கள்.

உபகரணம் மாட்டுவதற்கு முன் கரையோடு கீழே நடந்துபோய், ஏறப்போகும் இடத்தைக் கண்ணால் பாருங்கள். தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தால் எல்லாப் பாறையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிறகு கப்பலுக்குப் போதிய தூரம் மேலே போய், பாசி படிந்த கற்களில் கவனமாகக் கால் வைத்து இறங்குங்கள். பிசிடியை (மிதப்பதற்கான காற்றுச் சட்டையை) ஊதிக்கொண்டு மேற்பரப்பில் மிதந்து நின்று கதைக்க வேண்டாம். ஓட்டம் மேற்பரப்பில் வேகம், அடியில் மந்தம். அடியோடு ஒட்டினால் கற்களைப் பிடித்துப் பிடித்து வெளிப்பக்கமாகக் கப்பலின் நேருக்கு நகரலாம். மேற்பரப்பில் அரை நிமிடம் தயங்கினால் கப்பல் உங்களைக் கடந்துபோய்விடும். உண்மையில் கடந்துபோவது நீங்கள்தான்.

பக்கச் சுவரைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் இழுவை சட்டென்று நின்றுவிடும். அங்கே மூச்சை நிதானப்படுத்தி, கூட்டாளியைப் பார்த்து, காற்று அளவுமானியைப் பார்த்து, பிறகு நகருங்கள். மேல்தளம் எரிந்துபோனதால் உள்ளே இருந்தாலும் பெரும்பாலும் தலைக்கு மேல் திறந்த தண்ணீர்தான். சுவருக்கு வெளியே தலையை நீட்டும்போது மட்டும் ஒரு கை எதையாவது பிடித்திருக்கட்டும். மரச் சட்டங்களைப் பிடித்து உடம்பை இழுக்காதீர்கள், இரும்பை அல்லது அடிக் கல்லைப் பிடியுங்கள். நூறாண்டு தாண்டி நனைந்த மரம் கையோடு வந்துவிடும். அதோடு, எரிந்த பலகைகளிலிருந்து நீளமான இரும்பு ஆணிகள் துருத்திக்கொண்டிருக்கின்றன.

காற்றுக் கணக்கு இப்படி. 80 கன அடி அலுமினியச் சிலிண்டர் 200 பார் அழுத்தத்தில் சுமார் 2,200 லீற்றர் காற்று. 50 பார் ஒதுக்கினால் கையில் 1,650. இருபத்தைந்து அடியில் அழுத்தம் 1.75 மடங்கு, மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் மூச்சு விடுபவர் இங்கே 35 செலவழிப்பார். 47 நிமிடம் வரும். ஓட்டத்தோடு மல்லுக்கட்டி மூச்சு இரட்டித்தால் 23 நிமிடம்தான். எத்தனை நிமிடம் கீழே இருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது டைவ் கொம்பியூட்டர் அல்ல, நீங்கள் எங்கே ஒதுங்கினீர்கள் என்பதே.

உபகரணத்தில் வரும் சிக்கல்கள் எல்லாம் ஒரே வேரிலிருந்து வருகின்றன. ஓட்டத்தை நேராகப் பார்த்தால் தண்ணீரே ரெகுலேற்றரின் (காற்று தரும் வாய்க்கருவியின்) பேர்ஜ் பொத்தானை, அதாவது காற்றை வெளியே விடும் பொத்தானை, அழுத்தி, காற்று தானாகக் கொட்டத் தொடங்கும். தொங்கவிட்ட ஒக்ரோபஸ், அதாவது உதிரி ரெகுலேற்றர்தான் இதில் முதல் குற்றவாளி. அதை வாய் கீழ்நோக்கி இருக்கும்படி நெஞ்சோடு இறுக்குங்கள். காற்று வரும் எளிமையைக் கூட்டிக் குறைக்கும் விசைக்குமிழ் இருந்தால் இறுக்கமான நிலையில் வையுங்கள். தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் மாஸ்க் நெகிழ்ந்து நீர் புகும், ஆகவே உடம்போடு சேர்த்துத் திரும்புங்கள். ஸ்நோர்க்கலைக் கழற்றி வைத்துவிடுங்கள், அது மாஸ்க்கை ஆட்டுவதைத் தவிர இங்கே ஒன்றும் செய்யாது. தூண்டில் நரம்புகள் சட்டங்களில் சிக்கிக் கிடப்பது வழக்கம்; வெட்டுக் கருவி இரண்டு கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கடலில் பழகியவர்கள் அமிழ்வதற்காக அணியும் ஈய எடையைக் குறைக்க வேண்டும். நன்னீர் கடல்நீரைவிட இரண்டரை வீதமளவு இலேசு. உபகரணத்தோடு நூறு கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ குறையும். அதில் ஒரு கிலோவைத் திரும்பச் சேர்த்துக்கொண்டால் அடியில் நிலைத்து நிற்க உதவும். ஓட்டம் தண்ணீரைக் கலக்கிவிடுவதால் ஏரிகளில் போலத் திடீர்க் குளிர்ப்படலம் கிடையாது. ஓகஸ்டில் மேலும் கீழும் இருபது பாகை தாண்டும், 5 மில்லிமீற்றர் வெட்சூட் போதும். மே மாதம் போவதென்றால் ட்ரைசூட் (நீர் புகாத முழு உடை) இல்லாமல் யோசிக்க வேண்டாம். கோடையிலும் கையுறை கட்டாயம்: வரிச்சிப்பியின் விளிம்பு சவரக் கத்தி போல அறுக்கும். 1980களின் கடைசியில் பேரேரிகளுக்குள் வந்த இந்தச் சிப்பிகள் தண்ணீரை வடிகட்டித் தெளிவாக்கின. கப்பலின் மரவேலையையும் இரும்பு நுணுக்கங்களையும் மூடியும்விட்டன. கறுப்புப் புள்ளியிட்ட சிறிய கோபி மீன்கள் அவற்றை மேய்ந்துகொண்டு எல்லா இடுக்கிலும் இருக்கும். சுவரின் நிழலில் பாஸ் மீன்கள் ஓட்டத்துக்கு எதிராக மூக்கை வைத்துச் சும்மா நிற்கும். எங்கே ஒதுங்கலாம் என்று தெரியவில்லை என்றால் அவை நிற்கும் இடத்தைப் பாருங்கள்.

ஓர் ஆணியைக்கூட எடுத்து வரக்கூடாது. ஒன்ராறியோ மரபுரிமைச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் பொருளை அகற்றுவது குற்றம்.

வெளியேறும்போது சுழல்விசிறியைப் பார்த்துவிட்டு, அடியோடு ஒட்டியபடி கரையை நோக்கிக் குறுக்காக நீந்துங்கள். ஓட்டம் தன் திசையில் இழுத்துச் செல்வதை அனுமதித்துக்கொண்டே குறுக்கே போனால் போதும். குறித்த இடம் தவறினாலும் கரை கரைதான், சில நூறு மீற்றர் நடை கூடும், அவ்வளவே. நடு ஆற்றில் தலை தூக்காதீர்கள், படகுகள் ஓடும். சிவப்பில் வெள்ளைக் குறுக்குக்கோடு போட்ட மிதவைக் கொடியை இழுத்துச் செல்வதானால், கயிற்றை உடம்பில் கட்டாமல் கையில் பிடியுங்கள். சட்டத்தில் சிக்கினால் விட்டுவிடலாம். கூட்டாளி பிரிந்துவிட்டால் ஓட்டத்தை எதிர்த்துப் போய்த் தேட வழியில்லை. இருவரும் ஏறும் இடத்துக்கே வருவது என்று முன்னமே பேசிக்கொள்ளுங்கள்.

நீரோட்டம் புதிது என்றால், முதலில் பிறெஸ்கொட் அருகே கிடக்கும் றொத்சேயில் ஒரு நாள் பழகலாம். 1889இல் மைறா என்ற இழுவைப்படகுடன் மோதி அமிழ்ந்த துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல் அது. அதுவும் கரையிலிருந்து போகக்கூடியது, ஏறத்தாழ இதே ஆழம், ஓட்டம் மிகக் குறைவு. கோடையில் நீர்ச்செடி அடர்ந்து வளரும், அது வேறு தொல்லை.

களத்தில் காற்று நிரப்ப வசதி இல்லை. இரண்டு முறை இறங்குவதானால் ஆளுக்கு இரண்டு சிலிண்டர் நிரப்பிக்கொண்டே வாருங்கள். கோடைச் சனி, ஞாயிறுகளில் பயிற்சி வகுப்புகள் வந்து இறங்கி இயந்திரத்தைச் சுற்றி மண்டலைக் கிளப்பிவிடும். வாரநாள் காலை, அல்லது செப்டெம்பர் நடுப்பகுதி, நல்லது.