போட்டோ முதலில், டெம்ப்ளேட் அப்புறம்: போனிலேயே விசேஷ கார்டு போட்ட அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள், எண்பதாம் கல்யாணம் என்று எது வந்தாலும் போட்டோ வைத்துக் கார்டு போடுவது என் தலையில்தான் விழும். 2020 ஊரடங்கில் ஆளைக் கூப்பிட வழியில்லாமல் ஆரம்பித்தது, இன்னும் விடவில்லை. பெரும்பாலும் கேன்வா என்ற டிசைன் ஆப், அதுவும் இலவசக் கணக்கு, போனில். நடுவில் வேறு சில ஆப்களையும் போட்டுப் பார்த்துவிட்டு அழித்துவிட்டேன்.

எல்லோரும் டெம்ப்ளேட்டைத்தான், அதாவது ஆப்பில் ரெடியாக இருக்கிற டிசைனைத்தான், முதலில் தேடுகிறார்கள். பிறந்தநாள் என்று தட்டினால் பலூன், மின்னும் பொட்டு, தங்க ஃபிரேம் என்று கொட்டும், அதில் கண்ணைப் பறிக்கிற ஒன்றை எடுத்து நம் போட்டோவை உள்ளே திணித்தால் முகம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். நமக்குக் கலர் என்றால் பயமே கிடையாது, மண்டப வாசலில் நிற்கிற ஃப்ளெக்ஸ் பேனரே சாட்சி. ஆனால் பேனர் பத்தடி, போன் உள்ளங்கை அகலம். அதனால் நான் போட்டோவை முதலில் முடிவு செய்துவிட்டு, அதிலிருக்கும் கலரை வைத்துத்தான் டெம்ப்ளேட் பார்ப்பேன். போட்டோவைப் போட்டதுமே அதிலுள்ள நிறங்களைக் கேன்வா தனியாக எடுத்துக் காட்டும். பட்டுப்புடவையின் பார்டர் கலரை எழுத்துக்கும், புடவை உடலின் கலரை கார்டு ஓரத்துக்கும் கொடுத்தால் போதும், கார்டு கலராகவும் இருக்கும், கண்ணைக் குத்தவும் செய்யாது. புதுச்சேரி ஒயிட் டவுனில் அந்த மஞ்சள் சுவர் முன்னால் நின்று எடுத்த போட்டோ என்றால் இன்னும் சுலபம், சுவரே பாதி டிசைன். அதைப் போய் மஞ்சள் டெம்ப்ளேட்டில் வைக்காமல் இருந்தால் சரி.

இன்னொன்று, இது பலர் கவனிக்காதது. டெம்ப்ளேட்டுகளில் மாதிரிக்கு வைத்திருக்கும் முகங்கள் பெரும்பாலும் வெளுத்த முகங்கள், பின்னணியும் வெளிர் ரோஸ், கிரீம் என்று இருக்கும். அந்த இடத்தில் நம் மாமாவையோ தாத்தாவையோ வைத்தால் முகம் இன்னும் கறுத்துத் தெரியும். உடனே ஃபில்டர் போட்டு முகத்தை வெளுக்க வைப்பார்கள், பவுடர் டப்பாவில் விழுந்து எழுந்த மாதிரி ஆகிவிடும். முகத்தை ஏன் மாற்ற வேண்டும்? பின்னணியை மாற்றுங்கள். அரக்கு, மயில் நீலம், கரும்பச்சை வைத்துப் பாருங்கள், அதே முகம் பளிச்சென்று வரும்.

தமிழ் எழுத்துதான் இதில் பெரிய தலைவலி. டெம்ப்ளேட் எல்லாம் ஹேப்பி பர்த்டே என்ற இரண்டு வார்த்தைக்கு அளவெடுத்துத் தைத்தது. இனிய பிறந்தநாள் நல்வாழ்த்துகள் என்று அடித்தால் மூன்று வரிக்கு ஓடி போட்டோ மேல் ஏறும். இங்கிலீஷ் எழுத்துரு மட்டும் உள்ள டெம்ப்ளேட்டில் தமிழை அடித்துவிட்டு ஸ்டைல் எத்தனை மாற்றினாலும் அப்படியே நிற்கும், ஏனென்றால் அந்த எழுத்துருவில் தமிழே இல்லை. தமிழுக்கென்று இருப்பதைத்தான் தேட வேண்டும். கூகுள் இலவசமாகக் கொடுத்திருக்கும் எழுத்துருக்களில் தலைப்புக்கு பாலூ தம்பி, பெயர் விவரங்களுக்கு கட்டமரான் எனக்குப் பழகிவிட்டது. எழுத்து இடைவெளியைப் பூஜ்யத்தில் வையுங்கள். டெம்ப்ளேட்டில் அழகுக்காக விரித்து வைத்திருப்பார்கள், சில ஆப்களில் அதனால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும்.

நம் ஆட்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றுவது என்றால் பெயர் மாற்றுவது மட்டும் இல்லை. மஞ்சள் நீராட்டு கார்டில் தாய்மாமன் பெயர் எந்த வரியில், எந்த அளவில் வருகிறது என்பதற்கே ஒரு சண்டை நடக்கும், அதற்கு இடம் விட்டுத்தான் டெம்ப்ளேட் எடுக்க வேண்டும். பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவுகிற வழக்கத்துக்காக நான் டிஜிட்டல் கார்டிலும் மூலைகளில் கொஞ்சம் மஞ்சளைக் கலைத்து வைப்பேன், பெரியவர்கள் யாரும் கவனிக்காமல் விட்டதில்லை. பெரியப்பாவின் சதாபிஷேகத்துக்கு அவர்கள் கல்யாணத்து கறுப்பு வெள்ளைப் படத்தை ஒரு ஏஐ ஆப்பில் கலராக்கிக் காட்டினேன். பெரியம்மா பார்த்துவிட்டு, "ஏன்டி, எனக்கு எப்ப பச்சைப் பட்டு எடுத்தாங்க? அது அரக்கு" என்றார். அந்த ஆப் ஊகித்துத்தானே கலர் போடுகிறது. கறுப்பு வெள்ளையாகவே வைத்து, சுற்றி மட்டும் அரக்கும் தங்கமும் கொடுத்தேன், அதுதான் எடுப்பாக இருந்தது. பழைய படத்தைப் போனில் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சம் போதும்.

அனுப்புகிற விஷயம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி சின்ன எழுத்து மங்கும். 2023-இல் எச்.டி. வசதி வந்தது, அதை அழுத்தி அனுப்புங்கள், இல்லை டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். ஸ்டேட்டஸுக்கு 1080 × 1920 சரி, ஆனால் அதே நீளக் கார்டைக் குரூப்பில் போட்டால் மேலும் கீழும் வெட்டுப்பட்டு நடு மட்டும் தெரியும், பெரியவர்கள் அதைத் தொட்டுத் திறப்பதில்லை. பெயர், தேதி, நேரம் மூன்றும் நடுவில் இருக்கட்டும். மண்டபத்துக்கு வழி காட்ட க்யூஆர் கோடு வைக்கிறார்கள், கார்டு இருப்பதே அந்தப் போனில், அதை எந்தப் போனால் ஸ்கேன் செய்வது? லொகேஷன் லிங்க்கைக் கீழே தனியாக அனுப்பினால் வேலை முடிந்தது. பாரிஸில் இருக்கும் புதுச்சேரி சொந்தங்களுக்கு நேரலை உண்டென்றால் அவர்கள் நேரத்தையும் போடுங்கள், தை முகூர்த்தம் காலை 6 மணி என்றால் அங்கே இரவு 1.30.

அச்சுக்கும் இதே கார்டு வேண்டுமென்றால் முதலிலேயே பெரிதாகத் தொடங்க வேண்டும், 5 × 7 அங்குலத்துக்கு 1500 × 2100 பிக்சல். திரையில் ஜொலிக்கிற ரோஸும் கிளிப்பச்சையும் தாளில் மங்கித்தான் வரும், கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துப் பழகிய கடையில், போனில் நாம் அடிக்கிற யூனிகோடு எழுத்தைக் கொடுத்தால் கட்டம் கட்டமாக வரலாம், பிடிஎஃப்பாகக் கொடுங்கள். ஆனால் ஒன்று, எங்கள் பக்கம் கார்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெற்றிலை பாக்கோடு நேரில் போய்க் கூப்பிடாவிட்டால் கூப்பிட்டதாகவே கணக்கில்லை.

காசு கட்டணுமா என்று கேட்கிறார்கள். எனக்குத் தேவைப்படவில்லை. கேன்வாவில் கிரீடக் குறி போட்டவற்றைத் தொடாமல் இருந்தால் போதும். பின்னணியை நீக்கும் வசதி மட்டும் கட்டணத்தில் வருகிறது, அதற்குத் தங்கையின் ஐபோனை வாங்கிக்கொள்வேன், 2022-இல் வந்த அப்டேட்டிலிருந்து போட்டோவில் ஆள் மேல் அழுத்திப் பிடித்தாலே ஆள் மட்டும் தனியாகக் கழன்று வரும். இலவச டிரையல் என்று சொல்லி யூபிஐ ஆட்டோபே, அதாவது கணக்கிலிருந்து தானாகக் காசு எடுக்கிற அனுமதி, கேட்கிற ஆப்களிடம்தான் கவனம், பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்படி ஒரு ஆப் காசைப் பிடித்துக்கொண்டது. ஆப்பை அழித்தால் ஆட்டோபே நிற்காது, பணம் அனுப்புகிற ஆப்புக்குள் போய் அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும்.