பவுடர் கோட்டிங் அருமை, அலசுகிற தண்ணீர்தான் எமன்

காசிமேட்டில் ஃபைபர் படகு வைத்திருக்கும் நண்பர், அவுட்போர்டு மோட்டாரின் கியர் கேஸை (ப்ரொபெல்லரைச் சுழற்றும் பல்சக்கரங்கள் இருக்கும் அலுமினியக் கூடு) ராணிப்பேட்டைப் பக்கம் கொடுத்து பவுடர் கோட்டிங், அதாவது பொடியைத் தூவி ஓவனில் வேகவைக்கும் பூச்சு, போடலாமா, எந்தப் பவுடர் நல்லது என்று கேட்டிருந்தார். பவுடரில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அடியில் எபாக்ஸி, மேலே பாலியஸ்டர், ஒவ்வொன்றும் 60 முதல் 80 மைக்ரான். வெறும் எபாக்ஸி வெயிலில் வெளுத்து மாவாக உதிரும், அதற்குத்தான் மேல்பூச்சு. சரியாக வெந்த பூச்சு உப்புக்காற்றையும் டீசலையும் தாங்கும், மணலில் உரசினாலும் சட்டென்று பெயராது. பிரஷ்ஷில் அடிக்கும் பெயிண்ட் இதன் கிட்டே வராது.

என் கோபமெல்லாம் தண்ணீர் மேல்தான்.

பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி வரை இறங்கியிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996-இல். இன்றைக்கும் பல இடங்களில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. பூச்சுக்கு முன் சுத்தம் செய்யும் கெமிக்கல் தொட்டியிலிருந்து எடுத்த ஜாப்பை, அதாவது பூச்சுப் போட வேண்டிய பாகத்தை, அதே தண்ணீரில் அலசி நேரே ஓவனுக்குள் தள்ளினால், தண்ணீர் ஆவியாகும், உப்பு அலுமினியத்திலேயே தங்கும். எவ்வளவு நல்ல பூச்சானாலும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகத்தான் செய்யும். அடியில் இருக்கும் உப்பு அதை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். அப்புறம் போல்ட் ஓட்டையைச் சுற்றியும் கீழ் விளிம்பிலும், அதாவது அலசிய தண்ணீர் கடைசியாக வடிந்து நின்ற இடங்களில், கடுகளவு கொப்புளங்கள் கிளம்பும். ஊசியால் குத்தினால் ஒரு சொட்டு நீர், அடியில் வெள்ளைப் பொடி. உடனே பவுடர் மட்டம் என்று பேசுவது அநியாயம்.

கடைசி அலசலுக்கு ஜாப்பிலிருந்து சொட்டும் நீரின் கடத்துதிறன் (உப்பு கூடினால் இதுவும் கூடும்) 30 மைக்ரோசீமன்ஸுக்கு மேல் போகக் கூடாது. கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரில் (கரைந்த உப்பைக் காட்டுவது) பார்த்தால் சுமார் 15 முதல் 20 பிபிஎம். வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் பெரும்பாலும் இதற்குள் வராது. ஆர்.ஓ.வுக்குப் பின்னால் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.எம். (டீமினரலைஸ்டு) ரெசின் சிலிண்டர் ஒன்று வேண்டும். ஒன்றிரண்டு பாகம்தான் என்றால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் கேன் வாங்கி ஊற்றி அலசலாம். மீட்டரைத் தொட்டித் தண்ணீரில் விட்டுப் பார்க்காதீர்கள், ஜாப்பிலிருந்து சொட்டுவதைப் பிடித்துப் பாருங்கள்.

கடலில் ஓடிய பழைய பாகத்துக்கு வேலை கூடுதல். சீல், பேரிங், ஓ-ரிங், ஆனோடு (கேஸுக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகக் கட்டி) எல்லாவற்றையும் கழற்றி, பிளாஸ்டிங்குக்கு (துகளை வேகமாக அடித்து மேற்பரப்பைச் சுரண்டுவது) முன்பே நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். கழுவாமல் அடித்தால் உப்பு குழிக்குள் அமுங்கிவிடும். பிளாஸ்டிங்குக்கு அலுமினியம் ஆக்சைடுதான். ஸ்டீல் கிரிட் அடித்தால் இரும்புத் துகள் பதிந்து அங்கிருந்தே அரிப்புத் தொடங்கும். வார்ப்பு அலுமினியத்தின் நுண்துளைகளில் காற்றும் எண்ணெயும் இருக்கும். பவுடர் போடுமுன் வெறும் ஜாப்பை 220 டிகிரியில் முக்கால் மணி நேரம் சுட்டு அவற்றை வெளியேற்றாவிட்டால், பூச்சு வேகும்போது ஊசித்துளை விழும்.

வேகவைப்பதில் ஒன்றே ஒன்று: 200 டிகிரி, 10 நிமிடம் என்பது உலோகத்தின் சூடு, ஓவன் டிஸ்ப்ளேயில் தெரிவது காற்றின் சூடு. கியர் கேஸின் தடித்த பகுதியில் தெர்மோகப்பிளை (சூடு அளக்கும் கம்பி) வைத்து, அது 200-ஐத் தொட்ட பிறகுதான் நேரத்தை எண்ண வேண்டும். நடுவில் கரன்ட் போனால் அந்தக் கணக்கு செல்லாது. ஆனோடு உட்காரும் முகத்தையும் எர்த் போல்ட் இடத்தையும் சூடு தாங்கும் டேப்பால் மூடுங்கள். அங்கே பூச்சு ஏறினால் ஆனோடு இருந்தும் பயனில்லை.

இத்தனை புகழ்ந்த பிறகும் நண்பருக்கு என் பதில்: டி.எம். தண்ணீர் இல்லாத பட்டறையில் கொடுக்க வேண்டாம், ரேட் எவ்வளவு குறைத்தாலும் சரி. சுட்ட பூச்சில் கொப்புளம் வந்தால் முழுவதையும் உரித்து முதலிலிருந்து போட வேண்டும். அதற்கு இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் எபாக்ஸி பெயிண்டே மேல். அதிலும் கொப்புளம் வரும்தான், ஆனால் வந்த இடத்தை மட்டும் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்துக் கரையிலேயே அடித்துக்கொள்ளலாம்.