பாண்டில படகு ட்ரெய்லர் செய்யக் கொடுக்கப் போறீங்களா, இதைப் படிச்சிட்டு போங்க (68,000 ரூபாய் போச்சு)

இப்பதான் போனை வச்சேன். கை இன்னும் நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. 68,000 ரூபாய். மூணு வருஷ போனஸை எடுத்து வச்சிருந்த காசு, ஒரு வெல்டிங் பட்டறைக்காரன்கிட்ட தூக்கிக் கொடுத்துட்டு இப்ப போர்டிகோவுல உடைஞ்ச படகைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்.

பட்டறை பேரு சொல்ல மாட்டேன். விழுப்புரம் ரோட்டுப் பக்கம், டிராக்டர் டிப்பர், லோடு வண்டிக்கு பாடி கட்டுற இடம். அவ்வளவு போதும்.

விஷயம் இதுதான். நானும் என் மச்சானும் சேர்ந்து செகண்ட் ஹேண்ட்ல ஒரு பாய்மரப் படகு வாங்கினோம், என்டர்பிரைஸ்னு சொல்ற ரகம், ரெண்டு பேர் ஓட்றது, 13 அடி சொச்சம். ஜாக் ஹோல்ட்னு ஒரு வெள்ளைக்காரர் 1956-ல கொண்டாந்த டிசைன், நீலப் பாய் போட்டு வரும், பாத்தா அவ்ளோ அழகு. ஹல், அதாவது படகோட வெறும் கூடு மட்டும் 90 கிலோ சொச்சம்தான், நாலு பேர் இருந்தா தூக்கிடலாம். ஆனா ஒவ்வொரு தடவையும் முத்தியால்பேட்டைல இருந்து நோணாங்குப்பம் ஆத்துக்கு கொண்டு போக நாலு பேரை எங்க தேடறது, அதனாலதான் கார் பின்னாடி மாட்டி இழுக்கற ட்ரெய்லர்.

அந்த ஆள் வீட்டுக்கே வந்தாரு. அதுலதான் நான் விழுந்தேன். எந்த பட்டறைக்காரர் வீட்டுக்கு வந்து அளவெடுப்பாரு சொல்லுங்க? செருப்பை வெளிய கழட்டிட்டு வந்து, டேப் வச்சி நீளம் அகலம் எடுத்தாரு, சாக்பீஸால தரையில கோடு போட்டாரு, அப்புறம் குத்துக்கால் போட்டு உக்காந்து படகோட அடில உள்ளங்கையால தடவிப் பாத்து "சார், இது முட்டை மாதிரி. முட்டையை எப்படி வைக்கணும்னு எனக்குத் தெரியும்" அப்படின்னாரு. எங்கம்மா டீ கொடுத்தாங்க, முறுக்கு கொடுத்தாங்க. நான் அங்கயே நின்னு ஜிபேல 40,000 அட்வான்ஸ் போட்டேன். முட்டையாம் முட்டை.

அப்பவே ஒண்ணு எனக்கு உறுத்துச்சு, அவர் நீளம் அகலம்தான் எடுத்தாரே தவிர படகோட அடி வளைவை எடுக்கவே இல்ல. ஒரு அட்டையை வெட்டி வச்சிப் பாத்திருந்தா போதும். நான் போன்ல போட்டோ கூட காட்டினேன், வெளிநாட்டுல எப்படி பண்றாங்கன்னா லான்சிங் டிராலி தனி, ரோட்டுக்குப் போற ட்ரெய்லர் தனி, டிராலியோட சேர்த்து படகைத் தூக்கி அது மேல வச்சிடுவாங்க, தண்ணில இறங்கறது டிராலி மட்டும்தான், அதனால ரோடு சக்கரத்தோட பேரிங்குக்கு உப்புத்தண்ணி படவே படாது. அதைப் பாத்துட்டு "இதெல்லாம் பந்தா சார், காசைக் கரியாக்காதீங்க, ஒண்ணுலயே முடிச்சிடலாம்"னாரு. என் காசு மிச்சம் பண்றாரேன்னு சந்தோஷப்பட்டேன், அப்படி ஒரு மடையன் நான்.

ரெண்டு வாரம்னது ஒன்றரை மாசம் ஆச்சு. மீதி 28,000 வாங்கிட்டுதான் வண்டியை விட்டாரு. பில் கேட்டேன், "பில் போட்டா 18 பர்சன்ட் ஜிஎஸ்டி சேரும் சார், உங்களுக்கு எதுக்கு"ன்னாரு. சரின்னுட்டேன். மொத்தம் 68,000, கைல ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல.

இனி அந்த ட்ரெய்லரோட லட்சணத்தைக் கேளுங்க. குறுக்கால ரெண்டு இரும்பு ஆங்கிள், அது மேல நாலு மரக்கட்டை, கட்டை மேல பழைய சைக்கிள் டியூப் சுத்தியிருக்கு. படகு அந்த நாலு கட்டைல உக்காருது, அவ்ளோதான். நடுவுல ஒண்ணுமே இல்ல. இந்த ரக படகுக்கு அடி உருண்டையா இருக்காது, தட்டைத் தட்டையா பலகை சேர்த்த மாதிரி இருக்கும், அந்த தட்டைப் பகுதி நடுவுலதான் கட்டை முட்டிக்கிட்டு நிக்குது. கமான் பட்டை, அதாவது குலுங்காம தாங்கற ஸ்பிரிங் பட்டை, ஏதோ லோடு ஆட்டோவுல கழட்டினது, அரை டன் தூக்கறதுக்கு செஞ்ச பட்டை 90 கிலோ படகுக்கு அசையுமா? அசையாது. பள்ளத்துல விழுந்தா படகுதான் எகிறும். ஆக்ஸிலை ஃபிரேமுக்கு சரி நடுவுல வச்சிட்டாரு, படகோட பின்பக்கம் ரெண்டடி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, அதனால எடை எல்லாம் பின்னாடி, காரோட மாட்டற கொக்கில பாரமே இல்ல. 50-ஐத் தாண்டினா கார் வாலாட்டுது. படகும் வண்டியும் சேர்ந்து 300 கிலோன்னா ஒரு 20, 25 கிலோவாவது கொக்கியை அழுத்தணும், இதெல்லாம் எனக்கு பின்னாடி தெரிஞ்ச கதை.

கடலூர்ல உப்பனாறுல ஒரு நாள் ஓட்டலாம்னு கிளம்பினோம். ஏஎஃப்டி கேட் தண்டவாளத்துலயே கடகடன்னுச்சு, மச்சான் "மெதுவா போங்க மாமா"ன்னான். தவளக்குப்பம் தாண்டி கிருமாம்பாக்கத்துகிட்ட ஒரு ஸ்பீட் பிரேக்கர், 20-லதான் ஏத்தினேன் சாமி சத்தியமா, பின்னாடி "டொக்"குன்னு ஒரு சத்தம். இறங்கி ரோட்டோரம் மல்லாக்க படுத்து டார்ச் அடிச்சிப் பாத்தா, வலப்பக்கம் பின்கட்டை முட்டற இடத்துல உள்ளங்கை அளவு உள்ள போயிருக்கு, சுத்தி ஜெல்கோட்ல, அதான் ஃபைபர் மேல இருக்கற பளபளப்பான மேல்பூச்சுல, சிலந்தி வலை மாதிரி கீறல். கட்டை விரலால அழுத்தினா தகர டப்பா மூடி மாதிரி உள்ள போய் வெளிய வருது. அந்த சத்தம் இன்னும் காதுலயே இருக்கு.

அப்படியே திரும்பிட்டோம். வர்ற வழில வீராம்பட்டினத்துல வலைக்குப் போற ஒரு அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிஞ்சி ஒரு பார்வைதான் பாத்தாரு. "என்னா தம்பி, ஏரா அந்தரத்துல தொங்குது?" ஏரான்னா அடில நடுவுல ஓடுற முதுகெலும்பு. "படகு ஏரால நிக்கணும், பக்கத்துல வைக்கிறது சாயாம புடிச்சிக்கத்தான். நீ முதுகெலும்பை விட்டுட்டு வயித்துல முட்டுக் கொடுத்து வச்சிருக்க." பத்து செகண்ட்ல சொல்லிட்டாரு மனுஷன். அவரை முன்னாடியே கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருந்தா 68,000 மிச்சம்.

அப்புறம் ஆரம்பிச்சது அலைக்கழிப்பு. முதல் தடவை போனப்ப "ரோடு மோசம் சார், நான் என்ன பண்ண". ரெண்டாவது தடவை "பெல்ட்டை நீங்க ஓவரா இழுத்துக் கட்டியிருக்கீங்க". மூணாவது தடவை வெல்டிங் பண்ண பையன் வேலையை விட்டு நின்னுட்டானாம், அவன் செஞ்ச தப்பாம். அப்புறம் ஆடி முடியட்டும்னாரு, ஆடி முடிஞ்சுது. அப்புறம் போன் எடுக்கல, மெசேஜ் பாத்துட்டு ப்ளூ டிக் மட்டும் விழும். இன்னிக்கு மச்சான் நம்பர்ல இருந்து அடிச்சேன், எடுத்தாரு, என் குரலைக் கேட்டதும் ஒரு பெருமூச்சு. "பழைய படகு சார், கீறல் முன்னாடியே இருந்திருக்கும். 68,000-க்கு இவ்ளோதான் சார் வரும்." இவ்ளோதான் வருமாம்! இதை முதல் நாள் முறுக்கு சாப்பிடும்போது சொல்லியிருக்கலாம்ல?

இதுல ரெட் ஆக்சைடு மேல ஒரே ஒரு கோட்டிங் பெயின்ட் அடிச்சிருக்காரு, மூணு தடவை ஆத்துல இறக்கினதுக்கே வெல்டிங் ஜாயின்ட்ல துரு வழியுது. பேரிங்கைப் பத்தி பேசவே வேணாம், கையால சுத்தினா மணல் அரைக்கிற சத்தம்.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல புகார் பதிஞ்சிருக்கேன், ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் வாட்ஸ்அப் மெசேஜும் வச்சிக்கிட்டு. பாப்போம்.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்ல. அடி வளைவை அட்டைல வெட்டி எடுக்காத ஆள்கிட்ட கொடுக்காதீங்க. ஏராவுக்குக் கீழ நீளமா ரோலரோ மெத்தை வச்ச கட்டையோ இருக்கணும், பின்பக்க கடைசி வரைக்கும் தாங்கணும். கமான் பட்டை எடைக்குத் தகுந்த மாதிரி இருக்கணும். ஹாட் டிப் கால்வனைஸ் (உருக்கின துத்தநாகத்துல முக்கி எடுக்கறது) கேளுங்க, பெயின்ட் உப்புக்குத் தாங்காது. ட்ரெய்லருக்கும் ரெஜிஸ்ட்ரேஷன் உண்டு, அதை முதல்லயே பேசிடுங்க. பில் வாங்குங்க, 18 பர்சன்ட் போனா போகுது. படகை ஏத்தி ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்காம மீதிக் காசைக் கொடுக்காதீங்க.

படகு இப்ப நாலு பழைய டயர் மேல, நடுவுல மணல் மூட்டை வச்சி உக்காந்திருக்கு, 68,000 ரூபாய் ட்ரெய்லர்ல இருந்ததை விட நல்லாவே உக்காந்திருக்கு. பாண்டிலயோ கடலூர்லயோ ஃபைபர் ஒட்டி ஜெல்கோட் ஒழுங்கா போடறவங்க யாராவது தெரிஞ்சா சொல்லுங்க, வீட்டுக்கு வந்து தடவிப் பாத்துட்டு டயலாக் பேசறவங்க மட்டும் வேணாம்.