நெய்மீன் விலையில் சூரை

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நாகர்கோவிலில் டாக்டரிடம் காட்டிவிட்டு வெளியே வரும்போது மணி ஒன்றே முக்கால். திங்கள்சந்தைக்குத் திரும்பிப் போய் உலை வைக்க எனக்குத் தெம்பில்லை. செட்டிகுளம் பக்கம் ஒரு புது ஏசி ஓட்டல், வாசலில் ‘நாஞ்சில் மீன் சாப்பாடு’ என்று பெரிய போர்டு. நான், அம்மா, வீட்டுக்காரர் மூன்று பேரும் உள்ளே போனோம்.

மூன்று சாப்பாடு, இரண்டு நெய்மீன் (வஞ்சிரம்) பொரித்தது, ஒரு பிளேட் மரச்சீனிக்கிழங்கு. சொல்லி நாற்பது நிமிஷம் கழித்துத்தான் இலை வந்தது. அதற்குள் எங்களுக்குப் பிறகு வந்த இரண்டு மேஜைக்காரர்கள் கை கழுவப் போய்விட்டார்கள். அம்மாவுக்குச் சுகர். பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்தேன். அதுவரை எட்டிப் பார்க்காத ஒருவர், “வெளிச் சாப்பாடு அலவுடு இல்ல மேடம்” என்று சொல்ல மட்டும் ஓடி வந்தார்.

போர்டில் நாஞ்சில், இலையில் வெள்ளைச் சோறு. எங்கள் ஊர்ச் சிவப்புச் சம்பா அரிசிச் சோறு இல்லையாம். சரி, போகட்டும். மீன் குழம்பைக் குறை சொல்ல மாட்டேன். தேங்காய் வெண்ணெய் போல அரைந்து, புளி கணக்காக நின்றது. கிழங்கு மட்டும் நாங்கள் மோர் ஊற்றிய பிறகு வந்தது. மோருக்குத் தொட்டுக்கொள்ளவா கிழங்கு?

பொரித்த மீனை அம்மா ஒரு விள்ளல் வாயில் வைத்தாள். அப்புறம் மசாலாவை நகத்தால் சுரண்டினாள்.

“மக்ளே, இது நெய்மீன் இல்ல. சூரையாக்கும்.”

அம்மா முட்டத்துக்காரி. பாட்டி தலைச்சுமடாக மீன் விற்று வளர்த்த பிள்ளை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாலும் விரலுக்குத் தெரியாதா? நெய்மீன் என்றால் சதை வெளுப்பாக, இதழ் இதழாக விடும். இது இருண்ட நிறத்தில், வரண்டு, பஞ்சு மாதிரி பிய்ந்தது.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டோம். அவர் தட்டைப் பார்க்கவே இல்லை. “எல்லாருக்கும் இதுதான் மேடம் கொடுக்கோம், யாரும் ஒண்ணும் சொல்லலியே.”

அம்மா சத்தம் போடவில்லை. “தம்பி, நான் சூரையைக் குற்றம் சொல்லல்ல. சூரைன்னு சொல்லித் தரணும்.”

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை குளச்சல் பக்கம் விசைப்படகுக்குத் தடைக்காலம். வள்ளத்தில் போகிறவர்கள் கொண்டுவருவதுதான் மீன். விலையும் ஏறித்தான் கிடக்கும். இந்த ஜில்லாவில் அது தெரியாத ஆள் உண்டா? “இன்னைக்கு நெய்மீன் கிட்டல, சூரைதான் இருக்கு” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதையே வாங்கித் தின்றுவிட்டு வந்திருப்போம். அவரோ “கிச்சன்ல கேக்கேன்” என்று போனவர் போனவர்தான்.

பில் மட்டும் கேட்காமலே வந்தது. சாப்பாடு 480, மீன் 700, கிழங்கு 60. அதற்கு மேல் ஐந்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 62 ரூபாய். எல்லாவற்றுக்கும் மேல் ஜிஎஸ்டி. மொத்தம் 1367. ஜிஎஸ்டி சர்க்காருக்குப் போவது, அதில் எனக்குப் பேச்சில்லை. சர்வீஸ் சார்ஜை ஓட்டல்கள் தாங்களாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. கேஷியர் பையனிடம் இதைச் சொன்னால், “சிஸ்டத்துல தானா வருது அக்கா” என்கிறான். வீட்டுக்காரர் போனை எடுத்து, நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழுத்தி அவன் முன்னால் நீட்டியதும் அதே சிஸ்டத்தில் 62 ரூபாய் தானாகப் போய்விட்டது. மீனுக்கான 700 போகவில்லை. அம்மா நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்ததால் நானும் விட்டுவிட்டேன்.

மிஞ்சிய துண்டுகளைப் பார்சல் கேட்டாள் அம்மா, வீட்டுப் பூனைக்கு. கட்டிக் கொடுத்தார்கள். டப்பாவுக்குப் பத்து ரூபாய் தனி.